கலகக்காரர் நுழைந்த வீடு!

பாரீஸ் நகரில் ஓர் அழகிய சதுக்கம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள். சிவப்புச் செங்கல், வெள்ளைக் கல், சரிவான கூரை. கீழே வளைவுகள் கொண்ட நடைபாதை. மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம்.

1605-ல் இதை அமைக்க உத்தரவிட்டவர் 4-ம் ஹென்றி மன்னர். எல்லா வீட்டு முகப்பும் ஒன்று போல் இருக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. 1612-ல் திறப்பு விழா நடந்தது. அதைப் பார்க்க மன்னர் இல்லை. 1610-லேயே அவர் கொலையுண்டார்.

அன்று அதன் பெயர் 'அரச சதுக்கம்'. இன்று 'வோஜ் சதுக்கம்'. வோஜ் மாவட்டத்து மக்கள் முந்திக்கொண்டு வரி செலுத்தினார்கள். அதற்குப் பரிசாக 1800-ல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது!

வாடகைக்கு வந்த கவிஞர்

இங்கே 6-ம் எண் வீட்டின் இரண்டாவது மாடிக்கு 1832-ல் ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. குடும்பத் தலைவர், கவிஞர் விக்டர் ஹியூகோ. 16 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். இன்பமும் கண்டார், துன்பமும் கண்டார். 1843-ல் அவருடைய மூத்த மகள் லியோபோல்டின், மணமான சில மாதங்களில், படகு கவிழ்ந்து இறந்தாள். அவளுக்கு வயது 19.

1845-ல் அந்த வீட்டில் ஏழைகளைப் பற்றி ஒரு கதை எழுதத் தொடங்கினார்.

தொடாத காகிதங்கள்

1848 ஜூன் மாதம். வேலை இழந்த தொழிலாளர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். தெருவெங்கும் தடுப்புகள், துப்பாக்கிச் சத்தம். ஹியூகோ அப்போது சட்டசபை உறுப்பினர். கலகத்தை அடக்கச் சென்றவர்களில் அவரும் ஒருவர்.

அந்த நேரத்தில் கலகக்காரர்கள் அவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். மேஜை மேல் அவர் எழுதிய காகிதங்கள் கிடந்தன. எதிரியின் வீடுதான். ஆனாலும் ஒரு பொருளையும் அவர்கள் தொடவில்லை. வந்த வழியே போய்விட்டார்கள் என்கிறது ஹியூகோவின் வரலாறு.

அந்த ஏழைகளின் கதை 1862-ல் புத்தகமாக வந்தது. அதைத்தான் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950-ல் அது திரைப்படமாகவும் வந்தது.

கலகத்துக்குப் பின் ஹியூகோ குடும்பம் வீட்டைக் காலி செய்தது. 1903-ல் அங்கே அவர் நினைவுக் காட்சிசாலை திறக்கப்பட்டது. சதுக்கத்துப் பழைய வீடுகளை இன்று சட்டம் காக்கிறது. இஷ்டம்போல் இடிக்கவோ மாற்றவோ முடியாது.

ஆனால் 1848-ல் அந்த மேஜையைக் காத்தது சட்டம் அல்ல. பசித்த மனிதர்களின் நேர்மை!