உலாவி அடம்பிடித்தால் நீக்க வேண்டியதில்லை: காப்பாற்றும் விசைகளும் அவற்றை மாற்றும் வழியும்

பெங்களூரு: மல்லேஸ்வரத்தில் தனியே வசிக்கும் ஓய்வூதியர் ஒருவர் இணையத்தில் மின் கட்டணம் செலுத்திக் கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திடீரெனத் திரை முழுவதும் சிவப்பாகிறது. 'உங்கள் கணினியில் வைரஸ் நுழைந்துவிட்டது, உடனே அழையுங்கள்' என்ற வாசகமும் ஒரு தொலைபேசி எண்ணும் தோன்றுகின்றன. மவுஸ் அம்புக்குறி மறைந்துவிடுகிறது. மூடும் பொத்தானும் தென்படவில்லை.

உண்மையில் கணினிக்கு எதுவும் ஆகவில்லை. ஓர் இணையப் பக்கம் முழுத்திரையை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் திரை பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் ஆல்ட், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்தலாம். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்திவிடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். இத்தகைய போலித் தொழில்நுட்ப உதவி மோசடிகள் குறித்து மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த புகார்களும் சேர, 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சிபிஐ நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அந்த எண்ணை அழைத்துப் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

திரையின் ஓரத்தில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் எச்சரிக்கைகள் வேறு வகை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது யோசிக்காமல் சம்மதித்ததன் விளைவு அது. அமைப்புகளில் தள அனுமதிகளைத் திறந்து அறிவிப்புப் பட்டியலில் அத்தளத்தை நீக்கினால் தொல்லை தீரும்.

உலாவி மெதுவாகிறது, தேடுபொறி தானாக மாறுகிறது என்றால் பலரும் முதலில் செய்வது, உலாவியையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. இது பெரும்பாலும் வீண் உழைப்பு. பயனரின் அமைப்புகளும் நீட்சிகளும் 'ப்ரொஃபைல்' என்ற தனிக் கோப்புறையில் இருப்பதால், பழைய கோளாறு புதிய நிறுவலிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாறாக, குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், என் விசைகளை அழுத்தி மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பார்க்கலாம். வழக்கமாக அங்கே நீட்சிகள் இயங்குவதில்லை. அதில் தளம் ஒழுங்காகத் திறந்தால் குற்றவாளி ஒரு நீட்சியாகவோ, சேமிக்கப்பட்ட பழைய தரவாகவோ இருக்கும். நீட்சிகளில் பாதியை முடக்கிச் சோதித்து, கோளாறு எந்தப் பாதியில் உள்ளதோ அதை மீண்டும் பாதியாக்கினால், பதினாறு நீட்சிகள் இருந்தாலும் நான்கே சுற்றில் பிடிபடும். ஃபயர்பாக்ஸில் ஷிப்ட் விசையை அழுத்தியபடி உலாவியைத் தொடங்கினால் நீட்சிகள் இல்லாமல் திறக்கும் வசதி உண்டு. கடைசி வழி, அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மீட்பது. இதில் புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழிவதில்லை.

சில 'கோளாறுகள்' கைதவறிய விசைகள் மட்டுமே. எஃப்11 தட்டினால் மெனு மறையும். எஃப்7 பக்கத்தின் நடுவே எழுத்துக்குறியை மின்னச் செய்யும். கன்ட்ரோலுடன் கழித்தல் குறி எழுத்தைச் சுருக்கும், பூஜ்யம் சரிசெய்யும். தவறி மூடிய டேப்பை கன்ட்ரோல், ஷிப்ட், டி மீட்டுத் தரும்.

இவ்விசைகளை விருப்பப்படி மாற்ற முடியுமா என்பது உலாவியைப் பொறுத்தது. குரோமில் நீட்சிகளுக்கான விசைகளை மட்டுமே, நீட்சிகள் பக்கத்தின் இடப்புறப் பட்டியலிலிருந்து மாற்றலாம். விவால்டி உலாவியில் ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளுக்கும் சொந்த விசை வைக்கலாம். கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு கையால் தட்டச்சு செய்வோருக்கும் இது பெரிய வசதி. இந்திய உலாவி உருவாக்கப் போட்டியில் 2025 மார்ச்சில் முதலிடம் பெற்ற ஸோஹோவின் 'உலா', குரோமின் அடிப்படையான குரோமியத்தின் மீது கட்டப்பட்டது. எனவே மேற்சொன்ன குரோம் சோதனைகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.