களை என்று பெயரிட்டவன் யார்?

ஆலை மேலாளரின் பங்களா முன்னே பச்சைப் புல்தரை. அதற்கு வேளை தவறாமல் தண்ணீர். வெட்டிச் சீராக்க ஓர் ஆள். அந்தப் புல்லை மனிதன் தின்ன முடியாது. அதனிடையே யாரும் விதைக்காமல் தானே தலைதூக்கும் செடிகளில் சிலவற்றைத் தின்ன முடியும். தின்ன ஆகாததற்குக் காவல். தின்னத் தகுந்ததற்குக் களைக்கொட்டு! இதுதான் பங்களாவின் நீதி.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. நல்லது. ஆனால் வெறுஞ்சோறு உடம்பைக் காக்குமா? கறிக்கும் கீரைக்கும் கடைக்குத்தானே போகவேண்டியிருக்கிறது! ஆகவே, தோழர்களே, காலடியில் கிடப்பதை அடையாளம் காணக் கற்போம்.

தரையோடு படர்ந்து, செந்நிறத் தண்டும் தடித்த சிற்றிலையும் மஞ்சள் பூவும் கொண்டது பருப்புக்கீரை. பருப்போடு கடைந்தால் சட்டி காலியாகும். ஒன்றைக் கவனியுங்கள்: தண்டை ஒடித்தால் பால் கசிகிறதா? அது பருப்புக்கீரை அன்று, போட்டுவிடுங்கள்.

இதய வடிவில் மூன்று சிற்றிலைகள், வாயிலிட்டால் புளிப்பு - அது புளியாரை. துவையலுக்கு ஏற்றது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இவ்விரண்டையும் தவிர்ப்பது நல்லது.

எதிரெதிராக நிற்கும் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பூ இளஞ்சிவப்பு, அது மூக்கிரட்டை. பாசிப்பருப்பு சேர்த்துப் பொரியல் செய்யலாம்.

குப்பைமேட்டில் வளரும் கீரைக்குக் குப்பைக்கீரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிறந்த இடத்தைக் காட்டி இழிவுபடுத்தும் புத்தி கீரையைக்கூட விடவில்லை! தண்டுக்கீரையின் உடன்பிறப்பு அது. சுவையிலே சற்றும் குறைந்ததன்று.

பகையையும் அறிந்திருக்க வேண்டும். காரட் இலைபோல் பிளவுபட்ட இலை, கொத்துக்கொத்தாய் வெள்ளைப் பூ - அது பார்த்தீனியம். 1955இல் புனேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய செடி. தொட்டால் அரிப்பு, அருகிருந்தால் மூச்சுத்திணறல். சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி தெளித்த தரையிலும் எந்தக் கீரையையும் பறிக்காதீர்கள். ஐயமிருந்தால், களையெடுத்துப் பழகிய மூதாட்டியிடம் கேளுங்கள். அந்தத் தாய் படித்தது வயற்காட்டில், பாடமோ பழுதற்றது.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, கீரை இலவசமாய்க் கிடைக்கிறதே, கூலி உயர்வு எதற்கு?" என்று முதலாளி கேட்கக்கூடும். அந்தக் கேள்வி புதிதன்று. 1877இல், சென்னை மாகாணம் பஞ்சத்தில் துடித்தபோது, சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலையாளின் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தார். உழைப்பவன் உயிர்வாழ இது போதாது என்று வாதாடினார் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். அவரும் வெள்ளையர்தாம், ஆனால் தட்டைப் பார்த்துப் பேசியவர்.

நம் விடையும் அதுவே. கீரை கூலிக்கு ஈடன்று. களையெடுக்கும் பெண் மாலையில் கையிலே கூலியும் மடியிலே கீரையுமாக வீடு திரும்பினாள். களைக்கொல்லி தெளித்த வயலில் அவளுக்குக் கூலியும் இல்லை, கீரையும் இல்லை. இரண்டையும் கேட்போம். கீரையைப் பறிப்போம், கூலியைப் பெறுவோம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவனே நம் வயலின் உண்மையான களை!