பரணில் கிடக்கும் தாத்தா காலத்து வால்வு ரேடியோ... பிளக்கில் செருகும் முன் இதைப் படிங்க!

போகிக்கு வீட்டை ஒதுக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பொருட்களில் ஒன்று, தாத்தா காலத்து மரப்பெட்டி வால்வு ரேடியோ. கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்கள் ஒலித்தது இதில்தான். 'ஓடுதான்னு பார்ப்போமே' என்று பலரும் உடனே பிளக்கில் செருகிவிடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் செட்டே கருகிப் போகலாம். கழற்றிப் பார்க்கிறேன் என்று கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் காரணம் ஒரே பாகம்: ஃபில்டர் கெப்பாசிட்டர். பழைய மெக்கானிக்குகள் 'கண்டன்சர்' என்பார்கள்.

இது என்ன வேலை செய்கிறது?

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் கரண்ட், ஏசி. வால்வுகளுக்குத் தேவை 200 முதல் 400 வோல்ட் வரையிலான டிசி. ரெக்டிஃபயர் வால்வு ஏசியை டிசியாக மாற்றினாலும், அது சீராக இருக்காது. பெரும்பாலான செட்களில் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். மோட்டார் விட்டு விட்டுத் தண்ணீர் ஏற்றினாலும், மாடி டேங்க் இருந்தால் குழாயில் சீராக வரும் இல்லையா? அந்த டேங்க் வேலையைத்தான் ஃபில்டர் கெப்பாசிட்டர் செய்கிறது. டேங்க் பழுதானால் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர், கிட்டார் கலைஞர்கள் விரும்பும் வாக்ஸ், ஃபெண்டர் வால்வு ஆம்ப்ளிஃபயர் என எல்லாவற்றிலும் இதே கதைதான்.

உப்புக் காற்றுதான் காரணமா?

கடலோர உப்புக் காற்று சேஸிஸையும், வால்வு சாக்கெட் பின்களையும் அரிக்கும். ஆனால் கெப்பாசிட்டருக்கு எதிரி வயசு, வெப்பம், நீண்ட ஓய்வு மூன்றும்தான். உள்ளே இருக்கும் அலுமினியத் தாளின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் இருக்கும். வருஷக்கணக்கில் கரண்ட் பாயாமல் கிடந்தால் அது பலவீனமாகும். உள்ளிருக்கும் ரசாயனமும் காய்ந்துபோகும். அந்த நிலையில் திடீரென 300 வோல்ட் ஏறினால், கெப்பாசிட்டர் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும், சூடாகும், வெடிக்கவும் செய்யும். கூடவே ரெக்டிஃபயர் வால்வும், இன்று எளிதில் கிடைக்காத பவர் டிரான்ஸ்பார்மரும் போய்விடும்.

பிளக்கைக் கழற்றினாலும் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் மணிக்கணக்கில் தங்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப் வயரால் கெப்பாசிட்டரின் பிளஸ், மைனஸ் முனைகளுக்குக் குறுக்கே பிடித்தால், 50 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் சில விநாடிகளில் வடிந்துவிடும். பிறகு மல்டிமீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்தே தொட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கை: டிரான்ஸ்பார்மர் இல்லாத 'ஏசி/டிசி' செட்களில் சேஸிஸ் நேரடியாக மெயின் லைனோடு இணைந்திருக்கும். பிளக் மாறிச் செருகப்பட்டால் சேஸிஸைத் தொட்டாலே ஷாக்தான்.

எதைப் போட வேண்டும்?

* வோல்ட்: பழையதில் எழுதியிருப்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். 450 வோல்ட் இருந்த இடத்தில் 350 வோல்ட் போடவே கூடாது.
* மைக்ரோ ஃபாரட்: 32க்கு 33, 50க்கு 47 போடலாம். 'கூடுதலாகப் போட்டால் இரைச்சலே இருக்காது' என்று 100 போடக் கூடாது. ஈ.இசட்.81 போன்ற ரெக்டிஃபயர் வால்வு தாங்கும் உச்ச அளவே 50தான். மீறினால் வால்வு போய்விடும்.
* பிளஸ், மைனஸ்: மாற்றி இணைத்தால் வெடிக்கும்.
* ஒரே டப்பாவில் இரண்டு கெப்பாசிட்டர் இருந்தால், இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய டப்பாவை அழகுக்கு அப்படியே விடலாம், ஆனால் அதன் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

பாகங்கள் உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்கும்.

முதல் முறை ஆன் செய்வது எப்படி?

நேரடியாக அல்ல. எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரீஸ் பல்ப் வழியாக இணைக்க வேண்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு போதும், எல்இடி பல்பு உதவாது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே ஆஃப் செய்ய வேண்டும்.

இதில் அனுபவம் இல்லாதவர்கள் வால்வு செட் பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. 'ஆன் பண்ணிப் பார்க்கல, அப்படியே கொண்டு வந்திருக்கேன்' என்று சொல்லிக் கொடுங்கள். தாத்தா ரேடியோ மறுபடி பாட அதிக வாய்ப்பு அப்போதுதான்.