வென்டிலேட்டர் கேட்ட கேள்வி

கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாம் பயன்படுத்துபவர் கையில்தான் என்பார்கள். இது பாதி உண்மைதான் என்பதற்கு வென்டிலேட்டரே சாட்சி. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, சுவாசத் தசைகள் செயலிழந்தவர்கள் மூச்சுத்திணறி மடிந்துகொண்டிருந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, மூச்சுக்குழலில் குழாயைச் செருகி, ரப்பர் பையை அமுக்கி அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அமுக்கினார்கள். பிற்பாடு அந்த வேலையை வென்டிலேட்டர் என்ற இயந்திரம் எடுத்துக்கொண்டது.

உயிர் காப்பதைத் தவிர இதில் வேறு நோக்கம் இல்லை. ஆனால், அதுவரை அடுத்தடுத்து நிகழ்ந்துவந்த இரண்டு முடிவுகளை இந்த இயந்திரம் பிரித்துவிட்டது. மூளைத்தண்டு அழிந்தால் மூச்சு நிற்கும். சில நிமிடங்களில் இதயமும் நிற்கும். இதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை, ஆக்சிஜன் கிடைத்தால் போதும். எனவே மூளை அழிந்த உடலிலும் நாடி ஓடியது, தோல் கதகதப்பாக இருந்தது. இந்நிலையை 1959இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மொல்லாரேயும் குலோனும் விவரித்தார்கள். இதை மரணமாகவே கொள்ளலாம் என்று 1968இல் ஹார்வர்டு குழு ஒன்று அறிவித்தது. இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் மூளைத்தண்டுச் சாவை ஏற்றது. வென்டிலேட்டரைச் சற்று விலக்கி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிய பிறகும் ஒரு மூச்சாவது தானாக வருகிறதா என்று பார்ப்பது அதற்கான சோதனைகளில் ஒன்று.

இங்கே மாறியது அறிவுதான், விழுமியம் அல்ல என்று வாதிடலாம். ஆனால் மூளை இனி மீளாது என்பதைத்தான் சோதனை காட்டும்; மீளாத மூளையோடு துடிக்கும் உடலை இறந்ததாகக் கருதலாமா என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. அது மனிதர் எடுக்கவேண்டிய முடிவு. 1967இல் முதல் இதய மாற்று அறுவை நடந்ததும் உறுப்புகளின் தேவையுமே ஹார்வர்டு குழுவை உந்தின என்ற ஐயமும் உண்டு. குழுவின் அறிக்கையே உறுப்பு தானத்தைக் குறிப்பிடுகிறது. ஆனால் இது, கருவி வெறும் கருவி அல்ல என்ற வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது: ஒரு தொழில்நுட்பம் உண்டாக்கிய தேவை, இன்னொன்று எழுப்பிய கேள்வியின் விடையைப் பாதிக்கிறது. அப்படியானால் நம்மை ஆள்வது கருவிதானா என்றால், ஜப்பான் மறுக்கிறது. அதே வென்டிலேட்டர் அங்கும் இருந்தது. நீண்ட பொது விவாதத்துக்குப் பின் 1997இல்தான் மூளைச் சாவடைந்தவரின் உறுப்புகளை எடுக்க அனுமதிக்கும் சட்டம் வந்தது, அதுவும் தானம் செய்பவரின் எழுத்துபூர்வ சம்மதம் கட்டாயம் என்ற நிபந்தனையோடு. அந்தத் தாமதத்தில் உறுப்புக்காகக் காத்திருந்த நோயாளிகள் நஷ்டப்பட்டார்கள். ஆனால் விடை சொல்லும் பொறுப்பு ஒரு குழுவோடு நிற்காமல் சமூகத்தின் கைக்கு வந்தது. புதிய கருவியை எடைபோடும்போது அதன் பலனையும் ஆபத்தையும் கேட்கிறோம். அது எழுப்பப்போகும் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை யாருக்கு என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.