வீட்டினுள் ஒரு விமானம்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. செயலோடு கூடாத வெறுங் கல்வியின் பயனின்மையை அஃது உணர்த்தும். ஆயின், நிலத்தை விட்டு ஓரங்குலமேனும் எழாத நாற்காலியில் அமர்ந்து பறத்தற் கலையைப் பயில்வாரும் இவ்வுலகில் உளர். அவருள் ஒரு சாராரின் இயல்பு விந்தையானது. பேரொலியுடன் பாயும் போர் விமானங்களையும், நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து செல்லும் ஜெற் விமானங்களையும் விடுத்து, நால்வர் மட்டும் அமரத்தக்க சிறு விமானமொன்றின் கணினி வடிவம் என்று வெளிவரும் என ஆண்டுக்கணக்கில் அவர்கள் காத்திருப்பர். இவ்வார்வம் வெறும் விளையாட்டு வேட்கைதானா? அன்றி அதனுட் கல்விக்குரிய பொருளும் உளதா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிமுலேற்றர் எனப்படும் போலிப் பறப்புப் பொறியின் வரலாறு இசைக்கருவித் தொழிற்சாலையொன்றில் தொடங்குகின்றது. அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்திலுள்ள பிங்ஹம்ரன் நகரில், எட்வின் லிங்க் என்பாரின் தந்தையார் தானியங்கிப் பியானோக்களையும் ஓகன் எனும் இசைக்கருவிகளையும் செய்து வந்தார். அவற்றை இயக்கும் காற்றுத் துருத்திகளைக் கொண்டே, சாயவும் திரும்பவும் வல்ல சிறு விமானப் பெட்டியொன்றை மகனார் 1929 இல் அமைத்தார். தொடக்கத்தில் அதனைப் பலர் களியாட்டப் பொருளாகவே கருதினர். 1934 இல் அந்நாட்டு விமானத் தபாற் சேவை இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முகிலினுள்ளும் இருளினுள்ளும் கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கப் போதிய பயிற்சியற்ற விமானிகள் பலர் சில வாரங்களுள் உயிரிழந்தனர். அதன் பின்னரே இராணுவத்தினர் லிங்கின் பொறிகளுள் ஆறினை, ஒவ்வொன்றும் 3,500 டொலர் விலைக்கு வாங்கினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலட்சக்கணக்கான விமானிகள் அப்பொறியிற் பயின்றனர். விளையாட்டுப் பொருள் உயிர் காக்கும் ஆசானாயிற்று.

அவ்வாசானை வீடுதோறும் கொணர்ந்தது கணினி. இலினோய் பல்கலைக்கழகத்தில் பயின்ற புரூஸ் ஆட்விக் என்பார் பறப்பினைக் கணினித் திரையிற் காட்டும் முறையை 1975 இல் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அவர் ஆக்கிய நிரலின் வழிவந்ததே 1982 இல் வெளியான மைக்கிரோசொவ்ற் பிளைற் சிமுலேற்றர். அக்காலத்துத் திரையில் மலைகளும் கட்டடங்களும் சில கோடுகளாகவே தோன்றின. 2020 ஓகத்து மாதத்தில் வெளிவந்த புதிய பதிப்போ, விண்ணிலிருந்து எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு புவி முழுவதையும் காட்டிற்று.

இத்தகைய நிரலுடன் சில விமானங்களே உடன் வரும். ஏனையவற்றைப் பிற நிறுவனத்தார் தனித்தனியே ஆக்கி விற்பர். இவற்றையே சேர்க்கை விமானங்கள் என்கிறோம். 2020 ஆம் ஆண்டுப் பதிப்புக்கென ஆர்வலர் மிக விழைந்து எதிர்பார்த்தவற்றுள் ஒன்று, ஏ2ஏ எனும் நிறுவனத்தாரின் பைப்பர் கொமாஞ்சி. அது 2023 இலேயே வெளிவந்தது.

கொமாஞ்சி 1956 இல் முதன்முதற் பறந்த, ஒற்றை எஞ்சின் கொண்ட உலோக விமானம். 1959 ஜூன் மாதத்தில் மக்ஸ் கொன்ராட் என்பார் அவ்வினத்து விமானமொன்றிற் கசபிளங்காவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை 7,668 மைல் தூரத்தை இடையில் எங்கும் இறங்காது தனியே கடந்தார். 1972 இல் அக்னஸ் எனும் சூறாவளியால் எழுந்த வெள்ளம் பென்சில்வேனியாவிலுள்ள தொழிற்சாலையை மூழ்கடித்தது. கொமாஞ்சியின் உற்பத்தியும் அத்துடன் முடிவுற்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உற்பத்தி ஒழிந்த விமானமொன்றின் மீது இத்துணை விருப்பம் எழுதற்குக் காரணம் யாது?

பெரிய ஜெற் விமானத்தில் விமானிக்கும் எஞ்சினுக்குமிடையே கணினிகள் பல நிற்கின்றன. சிறு விமானத்திலோ, எஞ்சினின் ஒவ்வொரு தேவையையும் விமானியின் கையே நிறைவேற்றல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். எஞ்சினிலுள்ள காபுரேற்றரின் குறுகிய கழுத்தினூடே காற்று விரைந்து செல்லுங்கால் அதன் அமுக்கம் குறைகின்றது. அவ்விடத்திற் பெற்றோல் ஆவியாகிச் சூழவுள்ள வெப்பத்தையும் உறிஞ்சுகின்றது. இவ்விரண்டாலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்கு மேலாகவுந் தாழக்கூடும். ஆதலின், காற்று ஈரலிப்பாயிருப்பின், வெளியே குளிரில்லாத நாளிலுங்கூடக் கழுத்தினுட் பனிக்கட்டி படியும். எஞ்சின் மெல்ல மெல்ல வலுவிழக்கும்.

கொமாஞ்சியில் இவ்விடர் மறைந்தே வரும். அதன் சுழல்விசிறி தன் அலகுகளின் கோணத்தைத் தானே மாற்றிச் சுழற்சி வேகத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும். எனவே வேகமானியைப் பார்த்திருப்பவன் யாதொன்றும் அறியான். உள்வரு காற்றின் அமுக்கத்தைக் காட்டும் மானியின் முள் சிறிது சிறிதாகத் தாழ்வதை நோக்குபவனே அறிவான். அறிந்தவன் புகைபோக்கியைச் சூழ்ந்துள்ள வெப்பக் காற்றைக் காபுரேற்றருக்குத் திருப்புதல் வேண்டும். திருப்பியதும் எஞ்சின் முன்னிலும் வலு குன்றித் தடுமாறும். அஞ்சியவன் உடனே அதனை மூடிவிடுவான். காரணம் உணர்ந்தவனோ, பனிக்கட்டி உருகுவதாலேயே இத்தடுமாற்றம் நேர்கின்றது எனத் தெளிந்து பொறுத்திருப்பான். சிறிது நேரத்தில் எஞ்சின் சீராகும். அந்தச் சில கணப் பொறுமையே உயிருக்கும் இறப்புக்கும் இடைப்பட்டது. அதனை வானில் முதன்முறை கற்பதிலும் வீட்டில் நூறுமுறை கற்றல் நன்றன்றோ?

நன்கு ஆக்கப்பட்ட சேர்க்கை விமானத்தின் மற்றொரு சிறப்பு அதன் நினைவாற்றல். எஞ்சினைச் சூடேற்றாது விரட்டினாலோ, எண்ணெயைக் கவனியாது விட்டாலோ, அதனால் விளையுந் தேய்வு அன்றோடு அழிவதில்லை. மறுநாட் பறப்பிலுந் தொடரும். கணினி விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை பிழையைத் துடைத்துவிட்டுப் புதிதாய்த் தொடங்க இடந்தருவன. இதுவோ, பிழைக்குரிய விலையைச் செலுத்துமாறு கேட்கின்றது. ஆர்வலர் காத்திருந்தது ஓர் உருவத்துக்கன்று, பொறுப்பைக் கோரும் ஒரு பொறிக்கே என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் இக்கல்வியின் எல்லையையுங் கூறாதொழிதல் முறையன்று. நமது உட்செவியிலுள்ள திரவம் திருப்பத்தின் தொடக்கத்தை உணர்த்துமேயன்றி, சீராகத் தொடருந் திருப்பத்தை உணர்த்தாது. அதனால், முகிலினுட் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் விமானி தான் நேராகச் செல்வதாகவே உணர்வான். உடல் கூறும் இப்பொய்யைத் தள்ளி, கருவி கூறும் மெய்யைக் கொள்ளுதலே அவனுக்குப் பெருஞ் சோதனை. அசையாத நாற்காலி அப்பொய்யை உரைப்பதில்லை. ஆகவே அதனை வெல்லும் பயிற்சியையும் அளிக்க மாட்டாது. அச்சமும் அங்கில்லை, வேண்டியபோது பறப்பையே நிறுத்திவைக்கலாம். அமெரிக்காவில், அரசின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பொறிகளிற் கழிக்கும் நேரத்தின் ஒரு பகுதி விமானி உரிமத்துக்குக் கணக்கிடப்படுகின்றது. வீட்டுக் கணினியின் முன் கழிக்கும் நேரம் அங்ஙனம் கணக்கிடப்படுவதில்லை. அது நியாயமே.

ஆகவே, தொடக்கத்திற் கூறிய பழமொழி பொய்த்துவிடவில்லை. அதன் பொருளே விளக்கமுறுகின்றது. ஏட்டிலுள்ள சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மெய். ஆனால் கொடி எவ்வாறு படரும், எந்நோய் அதனைத் தாக்கும், எப்போது நீர் விடல் வேண்டும் என்பவற்றை அவ்வேடு பிழையின்றிக் கூறுமாயின், தோட்டத்தில் இறங்குபவனுக்கு அது துணையாகும். பழுதுகளை மறைத்து அழகை மட்டும் காட்டும் விமானம் வெறும் படம். தன் பழுதுகளையும் உண்மையாகக் காட்டுவதே ஆசான். சிறு விமானமொன்றுக்காகக் காத்திருப்போர் இவ்வேறுபாட்டை அறிந்தவர்கள். கற்கும் நாமும் நம் கையிலுள்ள ஏடு இவ்விரண்டனுள் எது என வினவுதல் நன்று.