இடுப்புப் பட்டியும் கத்தி உறையும்: கையால் செய்யும் தோல் வேலை

வீட்டில் கிழிந்துபோன பெல்ற் ஒன்று கிடந்தால் அதை எறியாமல் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே மினுக்கமான மெல்லிய படை ஒன்று இருக்கும். நடுவே தோல்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய மட்டை போன்ற ஒன்று தெரியும். விலை மலிவான பட்டிகளிற் பல இப்படித்தான் செய்யப்படுகின்றன. துளை போட்ட இடத்தில் அவை முதலில் வெடிப்பதற்குக் காரணமும் இதுவே. ஒரே துண்டுத் தோலில் வெட்டிய பட்டியோ பல வருடங்கள் உழைக்கும். அதை நீங்களே செய்யலாம்.

மேலை நாடுகளில் பலர் பொழுதுபோக்காகவே இடுப்புப் பட்டி, கத்தி உறை, துப்பாக்கி உறை என்பவற்றைக் கையால் தைக்கிறார்கள். துப்பாக்கி உறையை நாம் இங்கே விட்டுவிடுவோம். அதற்கு வேலை இருந்த காலத்தைப் போதுமான அளவு கண்டுவிட்டோம். ஆனால் மாட்டின் கழுத்துப் பட்டிக்கும், தோட்டத்துக்குக் கொண்டுபோகும் கைக்கத்தியின் உறைக்கும் வேலைமுறை ஒன்றுதான். காணியை விட்டு வந்து, மாலையில் செய்ய வேலையின்றிக் குந்தியிருப்போருக்கு இது கையையும் மனதையும் ஈடுபடுத்தும் வேலை.

தோல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. தோலைத் தொடுவது இன்னாருடைய வேலை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் சாகவில்லை. சந்தை மூலையில் செருப்புத் தைப்பவருக்குப் பக்கத்தில் அரைநாள் இருந்து பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் எழுதக்கூடியதிலும் கூடுதலாக அவருடைய கை சொல்லித் தரும்.

முதலில் தோலைத் தெரிவு செய்ய வேண்டும். பெரும்பாலோர் பிழை விடுவது இங்கேதான். தோல் பதனிடும் முறைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பழைய முறை: ஆவாரம்பட்டை, வேலம்பட்டை போன்றவற்றின் சாற்றில் வாரக்கணக்காக, சிலவேளை மாதக்கணக்காக ஊறவைப்பது. அந்தத் தோல் விறைப்பாக இருக்கும்; ஈரமாக்கி வளைத்துக் காயவிட்டால் அந்த வடிவிலேயே நிற்கும். மற்றது குரோமிய உப்பினாற் பதனிடுவது. அமெரிக்காவில் 1884ஆம் ஆண்டு ஓகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். குரோம் தோல் விரைவில் தயாராகும், மென்மையாக இருக்கும். சப்பாத்தின் மேற்பகுதிக்கும் பைக்கும் நல்லது. பட்டிக்கு அது பெரும்பாலும் உதவாது, இழுபடும்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் குரோம் தோலின் உள்ளே பெரும்பாலும் நீலச் சாம்பல் நிறம் தெரியும். சந்தேகமிருந்தால் நகமளவு துண்டொன்றைக் கொதிநீரிற் போடுங்கள். பட்டையிற் பதனிட்ட தோல் சுருண்டு இறுகிவிடும். குரோம் தோல் பெரிதாக மாறாது.

விலங்கின் எந்தப் பகுதித் தோல் என்பதையும் கேளுங்கள். பட்டிக்கு முதுகுத் தோல்தான் ஏற்றது. நான் முதலிற் செய்த பட்டியை விலை குறைவென்று வயிற்றுத் தோலில் வெட்டினேன். இரண்டு மாதத்துக்குள் மூன்று துளை புதிதாகப் போடவேண்டி வந்தது. தடிப்பு மூன்றரை முதல் நான்கு மில்லிமீற்றர் இருக்கட்டும்.

நீளத்தைக் காற்சட்டை அளவை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பழைய பட்டியில் பூட்டு வளையத்திலிருந்து நீங்கள் வழமையாகப் போடும் துளைவரை அளவுங்கள். புதிய பட்டியில் நடுத்துளை அங்கே வரவேண்டும். அதற்கு இருபுறமும் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டிரண்டு துளைகள். மடிப்புக்கு இரண்டரை அங்குலமும், நுனிக்கு ஏழு அங்குலமளவும் கூட்டிக்கொள்ளுங்கள். மடிப்பில் வளையத்தின் நாக்கு வெளிவர நீள்துளை வேண்டும். முதலில் இரண்டு வட்டத் துளைகள் போட்டு, அவற்றுக்கிடையே வெட்டுங்கள். கத்தியால் மட்டும் கீறினால் கீறலின் முனையிலிருந்து கிழிய ஆரம்பிக்கும்.

இனித் தையல். ஒரு நூலின் இரு நுனியிலும் இரண்டு ஊசிகளைக் கோர்த்து, குத்தூசியாற் போட்ட ஒவ்வொரு துளையூடாகவும் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து செலுத்த வேண்டும். தையல் இயந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் கொளுவி நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர்ந்துவிடும். இரண்டூசித் தையலில் ஒவ்வொரு நூலும் மாறிமாறி இருபுறமும் ஓடுகிறது. ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும். நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். அங்குலத்துக்கு ஆறு துளை போதும். நெருக்கமாகப் போட்டால் உறுதி கூடுமென்று நினைப்பது தவறு. முத்திரைத் தாளைப்போல் அந்த வரியிலேயே தோல் கிழியும்.

கத்தி உறையில் இன்னொன்று சேரவேண்டும். கத்தியின் வாய் படும் ஓரத்தில், இரு தோல்களுக்கும் இடையே அரை அங்குல அகலத் தோல் நாடா ஒன்றை வைத்து மூன்றையும் சேர்த்துத் தையுங்கள். அது இல்லாவிட்டால் கத்தி ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் நூலை அறுக்கும். ஒருநாள் தையல் விட்டுக்கொடுத்து இடுப்பிலோ தொடையிலோ வெட்டும். தைத்த உறையைச் சாதாரண நீரில் சில நிமிடம் நனைத்து, கத்தியைப் பொலித்தீனிற் சுற்றி உள்ளே செலுத்தி, கைவிரலால் அழுத்தி வடிவெடுங்கள். ஒருநாள் முழுவதும் நிழலிற் காயட்டும். அவசரப்பட்டு அடுப்படியிலோ வெயிலிலோ வைத்தால் விறைத்து வெடிக்கும். கத்தியை நாட்கணக்காக உறைக்குள் விட்டுவைக்கவும் கூடாது. தோல் ஈரத்தை வைத்திருக்கும், இரும்பு துருப்பிடிக்கும்.

விற்கலாமா என்று கேட்பீர்கள். விற்கலாம். ஆனால் கடன்பட்டு இயந்திரம் வாங்கிவிட்டு வேலையைப் பழகத் தொடங்காதீர்கள். முதற்பட்டி உங்கள் இடுப்புக்கு, அடுத்தது அயலவருக்கு. அவர் ஒரு வருடம் போட்டபின் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். ஆரம்பத்தில் வெட்டிப் பார்த்த பழைய பெல்ற்றின் பூட்டு வளையத்தை எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது இன்னும் நன்றாகவே இருக்கும். புதிய பட்டிக்குப் போதும்.