இரண்டு லெப்டொப், ஒரு வயர்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டது நினைவிருக்கும். அந்த வாரத்தில் ஒரு நாள் கம்பளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்யாண வீடியோ, 60 ஜிபி. அது ஸ்டூடியோக்காரரின் லெப்டொப்பில் இருந்தது. எடிட் செய்வதற்காகப் பேராதனையிலிருந்து வந்திருந்த தம்பியின் லெப்டொப்புக்குப் போக வேண்டும். "அண்ணே, ரவுட்டர் செத்துப்போச்சு. இனி கரண்ட் வந்தாத்தான்" என்றார் தம்பி.

ரவுட்டருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த நீல நிற லேன் வயரைக் கழற்றி, ஒரு முனையை இந்த லெப்டொப்பிலும் மறு முனையை அந்த லெப்டொப்பிலும் செருகினோம். இரண்டிலும் பேட்டரி இருந்தது, அது போதும். வீடியோ கொப்பியாக 10 நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டியதுதான் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வயர். லேன் வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடி. பழைய 100 மெகாபிட் முறையில் ஒரு சோடி பேசும், இன்னொரு சோடி கேட்கும். இரண்டு கணினியை நேராக இணைத்தால் வாய்க்கு நேரே வாய், காதுக்கு நேரே காது வந்துவிடும். ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்காது. அதனால் அந்தக் காலத்தில் இதற்கென்றே 'குரொஸ்ஓவர்' வயர் விற்றார்கள். 1999இல் இந்த வயருக்கான கிகாபிட் ஈதர்நெட் தரம் வந்தது. அந்தத் தரத்தில் வந்த கருவிகள் பெரும்பாலும் எது வாய், எது காது என்று தாங்களே பார்த்து மாற்றிக்கொள்கின்றன. ஆகவே இன்றைய லெப்டொப்புகளுக்குச் சாதாரண வயரே போதும். மிகப் பழைய இயந்திரம் என்றால் மட்டும் வயரின் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்: நிறங்கள் ஒரே வரிசையில் இருந்தால் நேர் வயர், செம்மஞ்சளும் பச்சையும் இடம் மாறியிருந்தால் குரொஸ்ஓவர்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு முனையிலும் சாதாரண தட்டையான செவ்வக யூஎஸ்பி தலை உள்ள வயரை வாங்கி இரண்டு லெப்டொப்பையும் இணைக்க வேண்டாம். இரு பக்கமும் 5 வோல்ட் கொடுக்கும் பக்கங்கள். ஃபைல் போகாது, போர்ட் போகலாம். மெல்லிய லெப்டொப்பில் லேன் துளையே இல்லையென்றால் யூஎஸ்பியில் மாட்டும் லேன் அடாப்டர் ஒன்று வாங்குங்கள்.

வயரை மாட்டியதும் துளையருகே சின்ன விளக்கு மினுங்க வேண்டும். பிறகு இரண்டு கணினிக்கும் முகவரி வேண்டும். சும்மா விட்டாலும் 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தாங்களே போட்டுக்கொள்ளும். நான் கையால் போடுவதையே விரும்புகிறேன், தேடி அலைய வேண்டியதில்லை: விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்துக்குப் போய் கொடுக்கும் லெப்டொப்புக்கு 192.168.50.1, வாங்கும் லெப்டொப்புக்கு 192.168.50.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அதே பக்கத்தில் நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். 'பப்ளிக்' என்றிருந்தால் விண்டோஸ் கதவைச் சாத்தியே வைத்திருக்கும்.

இனிக் கொடுக்கும் பக்கத்தில் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர். வாங்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு ஃபோல்டரின் மேலே உள்ள முகவரிப் பட்டையில் \\192.168.50.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்.

நாங்கள் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். கேட்பது கொடுக்கும் லெப்டொப்பில் உள்ள கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும். நாங்கள் வாங்கும் லெப்டொப்பினுடையதை அடித்துக்கொண்டிருந்தோம். அது புரிந்த பிறகு ஸ்டூடியோக்காரர் தினமும் காலையில் தட்டும் நான்கு இலக்க பின் நம்பரை அடித்தார். அதுவும் செல்லாது. பின் நம்பர் அந்த லெப்டொப்பின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும்; வயர் வழியாக வருபவருக்கு முழுப் பாஸ்வேர்டுதான் வேண்டும். அவருக்கோ அது மறந்தே போயிருந்தது. கடைசியில் அவருடைய லெப்டொப்பில் புதிதாக ஒரு உள்ளூர்க் கணக்கு திறந்து, எளிய பாஸ்வேர்டு ஒன்று கொடுத்து, ஷேர் பட்டியலில் அந்தப் பெயரையும் சேர்த்தோம். உடனே திறந்தது. நீங்கள் இந்த வேலையை முதலிலேயே செய்துவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, பென் டிரைவ் இல்லையா என்று கேட்கலாம். பத்துப் படம், ஒரு கடிதம் என்றால் பென் டிரைவே போதும். 60 ஜிபிக்குக் கணக்கு வேறு. கிகாபிட் வயரில் நொடிக்கு ஏறக்குறைய 110 எம்பி போகும், ஒன்பது நிமிடத்துச் சொச்சம். இரண்டில் ஒன்று 100 மெகாபிட் லெப்டொப் என்றால் ஒன்றரை மணி நேரம். மலிவான பென் டிரைவ் அதே நேரத்தை எழுதவே எடுக்கும், திரும்ப வாசிப்பது தனி. எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்கவே ஏற்காது. 5 மெகாபிட் வேகத்தில் இணையத்தில் ஏற்றினால் ஒரு நாளுக்கு மேல், டேட்டா காசு வேறு.

முடிந்ததும் அந்த முகவரியைப் பழையபடி 'ஓட்டோமெட்டிக்' ஆக்குங்கள், ஷேரிங்கையும் நிறுத்துங்கள். அன்று நாங்கள் மறந்துவிட்டோம். அடுத்த நாள் ஸ்டூடியோக்காரர் கரண்ட் வந்ததும் அதே நீல வயரை ரவுட்டரில் மாட்டி, இணையம் வரவில்லையென்று நிறுவனத்துக்கு போன் போட்டு நன்றாகத் திட்டிவிட்டு, பிறகுதான் எனக்கு எடுத்தார்.